காலியா ஓடுற கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு?

(நம் தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிறு இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது முழுசா படிங்க, உங்க ஏரியா ஓட்டுநர் நண்பர்களுக்கும் அனுப்புங்க.)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அணியில நான் போஸ்டர், மீம், வீடியோ கட்டிங் பார்க்கிற ஆள். வாடகை கேப்களை எப்படி ஒழுங்குபடுத்துறது, சென்னை நெரிசலை எப்படிக் குறைக்கிறது, இதுதான் இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டாகணும்.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, ஆபீஸ் முடிஞ்சு சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ஆப்ல கேப் புக் பண்ணேன். முதல் டிரைவர் போன் பண்ணி, "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?"ன்னு கேட்டார். ஆன்லைன்னு சொன்னதும் கேன்சல். ரெண்டாவது ஆளும் அதே கேள்வி, அதே கேன்சல். மூணாவது வண்டி மேப்ல நின்ன இடத்தை விட்டு நகரவே இல்லை. நனைஞ்சுக்கிட்டே பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போனேன். அந்தக் கோபத்துல கேப் டிரைவரை வில்லனாக் காட்டி ஒரு மீம் போட்டேன். உங்கள்ல நிறையப் பேர் பகிர்ந்தீங்க. நான் போட்டதுலயே அதிகமா ஓடினது அதுதான்.

மறுநாள் காலையில ஒரு போன். நம்ம வட்டத்துல கொடி கட்டுறதுல இருந்து பூத் வேலை வரைக்கும் முன்னால நிக்கிற ஒரு அண்ணன். கேப் ஓட்டுறவர். தன் பேர் வெளியில வர வேண்டாம்னு சொன்னதால பேரைச் சொல்லல.

"தம்பி, அந்த மீம்ல இருக்கிறது நான்தான். நானும் கேன்சல் பண்றவன்தான். ஏன் பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

மீமை எடுத்துட்டேன். அப்புறம் அவர்கிட்ட ஒரு உதவி கேட்டேன். "அண்ணே, ஒரே ஒரு நாள், சவாரி ஏத்தும்போதும் இறக்கும்போதும் கிலோமீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டுல எழுதுங்க." எழுதிக் கொடுத்தார். நான் எக்செல்ல போட்டேன். படிச்ச இஞ்சினியரிங் அன்னைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவுச்சு.

அந்த நாள் கணக்கு இது. காலை 5.40-க்கு வண்டியை எடுத்திருக்கார், ராத்திரி 9.10-க்கு நிறுத்தியிருக்கார். பதினைந்தரை மணி நேரம். 11 சவாரி. மொத்தம் ஓடினது 187 கிலோமீட்டர். அதுல பயணியோட ஓடினது 112. மீதி 75 கிலோமீட்டர் காலி. அதாவது வீட்டிலிருந்து முதல் சவாரிக்குப் போனது, இறக்கின இடத்திலிருந்து அடுத்த ஆளை ஏத்தப் போனது, நிறுத்த இடமில்லாம சுத்தினது.

கைக்கு வந்தது 2,140 ரூபாய். கேஸ் 850. வண்டித் தவணை ஒரு நாளைக்கு 480. இன்சூரன்ஸ், எஃப்சி, டயர், சர்வீஸ் எல்லாம் நாள் கணக்குக்குப் பிரிச்சா 200. மிஞ்சினது 610 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய்கூட வரல. கேஸ் செலவு 850-ல 340 ரூபாய் காலி ஓட்டத்துக்கே போயிருக்கு.

இது ஒரு வண்டி, ஒரு நாள். சென்னை முழுக்க இப்படித்தான்னு நான் சொல்ல வரல. ஆனா எதை அளக்கணும்னு அந்த நோட்டு எனக்குக் காட்டிடுச்சு. காலி கிலோமீட்டரை.

கேன்சல் விஷயத்துக்கு வரேன். சோழிங்கநல்லூர்ல நிக்கிற வண்டிக்கு காரப்பாக்கத்துல ஒரு ஆளை ஏத்தணும்னு ஆப் சொல்லுது. மெட்ரோ வேலை, யூ-டர்ன் எல்லாம் சேர்த்து 4 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. அந்தப் பயணி போக வேண்டியது 3 கிலோமீட்டர். டிரைவர் ஓட்டுறது 7, காசு கிடைக்கிறது 3-க்கு. அந்த 4 கிலோமீட்டருக்கு நேரமும் கேஸும் அவரோடது. ஆன்லைன் பணம் எப்ப கைக்கு வரும், அதுல எவ்வளவு பிடிப்பாங்கன்னு தெரியாது. வழியில கேஸ் போடக் கையில காசு வேணும். "டிராப் எங்க, கேஷா ஆன்லைனா"ங்கிற கேள்வி அங்கிருந்துதான் வருது. மழையில நின்ன எனக்கு அது திமிராத் தெரிஞ்சுது. அவருக்கு அது கூட்டல் கழித்தல்.

அதுக்காக கேன்சல் பண்றது சரின்னு சொல்லல. ராத்திரி பத்து மணிக்குத் தனியா நிக்கிற ஒரு பெண்ணுக்கு, டயாலிசிஸ் முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவருக்கு, கேன்சல்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. டிரைவரைத் திட்டினா அது தீருமாங்கிறதுதான் கேள்வி.

இப்ப நெரிசலுக்கு வருவோம். அந்த 75 காலி கிலோமீட்டரால டிரைவருக்குக் காசு நஷ்டம். பயணிக்குக் காத்திருப்பு, கேன்சல், ஏறுன கட்டணம். மூணாவதா ஊருக்கும் நஷ்டம் இருக்கு. யாரையும் ஏத்தாத ஒரு கார், சாலையில ஆளை ஏத்தின கார் அளவுக்கே இடத்தை அடைக்குது. சாலை கிட்டத்தட்ட நிரம்பின பிறகு, கூட வர்ற ஒவ்வொரு வண்டியும் தன் அளவைவிட அதிகமான தாமதத்தை உண்டாக்கும். பீக் நேரத்துல டைடல் பார்க் சந்திப்பில நின்னவங்களுக்கு இதுக்கு ஃபார்முலா வேண்டாம். நாலு வண்டி குறைஞ்சாலே சிக்னல்ல வித்தியாசம் தெரியும்.

ஓடுற வண்டி மட்டும் இல்லை, நிக்கிற வண்டியும் இருக்கு. ஒரு ஷாப்பிங் மால் வாசல், ஒரு ஐடி பார்க் கேட், ஒரு ரயில் நிலையம். அங்க ஏத்தி இறக்க இடமே ஒதுக்கியிருக்க மாட்டாங்க. ரெண்டு கேப் இடது ஓரமா நின்னா ஒரு லேன் போச்சு. பின்னால வர்ற மாநகரப் பேருந்து அறுபது பேரோட நடு லேனுக்கு வந்து நிக்கும். போலீஸ் வந்து கேப்புக்கு ஃபைன் போடுவாங்க. அந்த ஃபைன் 610 ரூபாயில இருந்து போகும். மறுநாள் அதே இடத்துல வேற வண்டி நிக்கும், ஏன்னா ஆப்ல பிக்-அப் புள்ளி அங்கதான் குத்தியிருக்கு.

ஓ.எம்.ஆர்., ஆற்காடு சாலை, பூந்தமல்லி சாலைன்னு மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிற சாலைகள்ல நிலைமை உங்களுக்குத் தெரியும். மூணு வழித்தடம், மொத்தம் 118.9 கிலோமீட்டர். நாளைக்கு நமக்கு நன்மை தரப்போற வேலைதான். ஆனா தடுப்பு வெச்சுச் சுருங்கின சாலையில காலி வண்டி சுத்துறதோட விலை இன்னும் அதிகம்.

ஆப் கேப் வந்த பெரிய நகரங்கள் பலதும் இதே சிக்கலைப் பார்த்திருக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரத்தை வெச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2010-லிருந்து 2016-க்குள்ள அங்க வார நாட்கள்ல வாகனங்கள் தாமதத்தில் இழந்த நேரம் 62 சதவீதம் கூடியிருந்தது. ஆப் கேப் வராம இருந்திருந்தா அது 22 சதவீதம்தான் கூடியிருக்கும்னு அந்த ஆய்வு கணக்கிட்டது. கேப் வந்தா சொந்தக் கார் குறையும், நெரிசல் தானா குறையும்ங்கிற வாக்குறுதி அங்க பலிக்கல.

நியூயார்க் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. 2018 ஆகஸ்ட்ல புது ஆப் கேப் உரிமங்களுக்கு ஒரு வரம்பு போட்டாங்க. சக்கர நாற்காலி ஏத்தக்கூடிய வண்டிக்கு மட்டும் விலக்கு. அதோட டிரைவருக்குக் குறைந்தபட்ச வருமானமும் நிர்ணயிச்சாங்க. செலவு போக மணிக்கு 17.22 டாலர். அந்தக் கணக்குல ஒரு நல்ல விஷயம் இருந்தது. டிரைவர் ஆப்ல இருக்கிற நேரத்துல எவ்வளவு பங்கு பயணியோட ஓடுறார்ங்கிற விகிதத்தால கட்டணத்தை வகுத்தாங்க. தொடக்கத்துல அந்த விகிதம் 58 சதவீதம். அதாவது 100 நிமிஷத்துல 42 நிமிஷம் காலின்னா, அந்த 42 நிமிஷச் செலவும் சேர்ந்த தொகை அந்த 58 நிமிஷச் சவாரிக்கான கூலியில இருந்தாகணும். காலியா விட்டா கம்பெனிக்கும் வலிக்கும்.

இதுல ஒரு பக்க விளைவும் வந்தது. விகிதத்தை உயர்த்திக் காட்ட, சவாரி குறைவான நேரத்துல டிரைவர்களை ஆப்புக்குள்ளேயே வரவிடாம கம்பெனிகள் பூட்டினாங்க. ஆகவே விதி போட்டா மட்டும் போதாது, அதை எப்படிச் சுத்திப் போவாங்கன்னும் யோசிச்சு எழுதணும்.

அதே நியூயார்க்கில் இன்னொரு பாடமும் இருக்கு. மஞ்சள் டாக்ஸிக்கு பல வருஷமா எண்ணிக்கை வரம்பு, 13,587 உரிமம். அந்த உரிமத்தை வாங்கலாம், விக்கலாம். ஒரு கட்டத்துல ஒரு உரிமத்தோட விலை 10 லட்சம் டாலரைத் தாண்டுச்சு. ஆப் கேப் வந்ததும் விலை சரிஞ்சு, கடன் வாங்கி உரிமம் எடுத்த டிரைவர்கள் நடுத்தெருவுக்கு வந்தாங்க. அதனால எண்ணிக்கைக்கு வரம்பு வேணும்னு சொல்றவங்க, அந்த பெர்மிட் விற்பனைப் பொருளா மாறாம பார்த்துக்கிறதுக்கும் வழி சொல்லணும். இல்லைன்னா பெர்மிட் ஒருத்தர் கையில, ஸ்டியரிங் இன்னொருத்தர் கையில, நாள் வாடகை மூணாவது ஆளுக்கு.

சரி, நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ல ஒரு திருத்தம் வந்தது. ஆப் வழியா பயணியையும் டிரைவரையும் இணைக்கிற கம்பெனிக்கு உரிமம் கட்டாயம்னு 93-வது பிரிவு அப்பத்தான் சொல்லுச்சு. 2020 நவம்பர்ல ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2025 ஜூலை 1-ல புது நெறிகள் வந்தது. அதுல உள்ள முக்கியமான விஷயங்கள்: நெரிசல் நேரத்துல அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்குவரை வாங்கலாம், 2020-ல அது ஒன்றரை மடங்கா இருந்தது. கூட்டமில்லாத நேரத்துலயும் அடிப்படைக் கட்டணத்தின் பாதிக்குக் கீழ போகக்கூடாது. சொந்த வண்டி ஓட்டுற டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போகணும். காலி ஓட்டத்தை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்கணும். தக்க காரணம் இல்லாம கேன்சல் பண்ணா கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், டிரைவருக்கும் பயணிக்கும். டிரைவருக்கு 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு, 10 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. இரண்டு மடங்கு, சரி. எதோட இரண்டு மடங்கு? பாதிக்குக் கீழ கூடாது, சரி. எதோட பாதி? அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. சட்டத்தின் 67-வது பிரிவு அந்த அதிகாரத்தை மாநிலத்துக்குத்தான் கொடுக்குது. மாநிலம் ஒரு எண்ணைச் சொல்லி, வருஷா வருஷம் அதைப் புதுப்பிச்சாத்தான் இந்த மடங்கு, சதவீதம் எல்லாத்துக்கும் உயிர் வரும்.

எண்ணைப் புதுப்பிக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். சென்னை ஆட்டோவைப் பாருங்க. 2013 ஆகஸ்ட்ல கட்டணம் நிர்ணயிச்சாங்க. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அந்த எண் நகரல. இதுக்கு நடுவுல ஆட்சி மாறுச்சு, பெட்ரோல் விலை 100-ஐத் தாண்டுச்சு. மீட்டர் காட்சிப் பொருளாச்சு. 2025 பிப்ரவரியில சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவிச்சாங்க: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. அதுக்கு அரசு அனுமதி கிடையாதுன்னு அரசுத் தரப்பு சொல்லுச்சு. ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருக்கலாம். ஆனா பத்து வருஷம் ஒரு எண்ணைத் தொடாம வெச்சதுக்கு என்ன நியாயம்? அந்த இடைவெளியிலதான் ஆப் உள்ள வந்தது. கட்டணத்தை அரசு முடிவு பண்ணலைன்னா அல்காரிதம் முடிவு பண்ணும்.

பக்கத்து கர்நாடகாவுல 2024 ஜனவரியில ஒரு முயற்சி பண்ணாங்க. 10 லட்சம் ரூபாய்க்குள்ள உள்ள வண்டின்னா முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 24. வண்டி விலை கூடக் கூடக் கட்டணமும் கூடும். ஆப் கேப்புக்கும் நகர டாக்ஸிக்கும் ஒரே கட்டணம். அதை அமல்படுத்துறதுல என்ன சிக்கல் வந்தாலும், அரசு ஒரு எண்ணைச் சொல்ல முடியும்ங்கிறதுக்கு அது சாட்சி.

இங்க ஒரு சந்தேகம் வரும். "கமிஷனே இல்லாம தினசரிச் சந்தா மட்டும் வாங்குற ஆப்கள் வந்துடுச்சே, அப்ப பிரச்சினை தீர்ந்ததே?" டிரைவருக்கு அது பெரிய ஆறுதல், உண்மை. அந்த அண்ணனும் ஒரு சந்தா ஆப்பை வெச்சிருக்கார். ஆனா நெரிசல் பக்கம் நின்னு பாருங்க. சந்தா வாங்குற கம்பெனிக்கு வருமானம் டிரைவர் எண்ணிக்கையில வருது. சவாரி கிடைச்சாலும் கிடைக்காட்டியும் சந்தா உண்டு. அப்ப காலி கிலோமீட்டரைக் குறைக்க அதுக்கு என்ன அவசரம்? கமிஷனோ சந்தாவோ, காலி ஓட்டத்தை வெளியிலிருந்து யாராவது அளந்தாத்தான் அது குறையும்.

அதனால நம்ம கோரிக்கையை இப்படி வைக்கலாம்னு நினைக்கிறேன். கட்சியின் போக்குவரத்துக் குழுவுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். உங்க கருத்தையும் சேர்த்துத்தான் இறுதி வடிவம் வரும்.

1. மாநில விதி, மாநில உரிமம். வழிகாட்டு நெறியோட நிக்காம தமிழ்நாட்டுக்கான விதி முழுமையா அமலாகணும். உரிமம் இல்லாத ஆப் ஓடக்கூடாது. சென்னையில புகார் கேக்க ஒரு அலுவலகம், போனை எடுக்க ஒரு மனுஷன் இருக்கணும்.

2. வருஷா வருஷம் திருத்தம். எரிபொருள் விலையும் விலைவாசியும் ஏறினா கட்டணம் ஒரு சூத்திரப்படி தானா திருத்தப்படணும். அமைச்சர் நேரம் ஒதுக்குறவரை காத்திருக்கிற கதை 2013-ஓட போகட்டும். ஆட்டோவுக்கும் கேப்புக்கும் இது ஒண்ணா வரணும்.

3. ஒரே பில், இரண்டு எண். பயணி கொடுத்தது எவ்வளவு, டிரைவருக்குப் போனது எவ்வளவு. ரெண்டும் ரெண்டு பேருக்கும் தெரியணும். இது வந்தாலே பாதிச் சண்டை காருக்குள்ள நடக்காது.

4. காலி ஓட்டக் கணக்கு. ஒவ்வொரு கம்பெனியும் எந்தப் பகுதியில, எந்த நேரத்துல, எத்தனை கிலோமீட்டர் காலியா ஓடுதுங்கிற தகவலை கும்டாவுக்குக் கொடுக்கணும். பயணி பேர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். நியூயார்க்ல ஒவ்வொரு சவாரித் தகவலும் நகர அதிகாரிகளுக்குப் போகுது. நம்ம கும்டாவுக்கு 2010-லயே சட்டம் இருக்கு. பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலை ஒரே டிக்கெட்டில் இணைக்கிற 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பர்ல வந்தது. அதைச் செய்ய முடிஞ்ச ஊருக்கு இதுவும் முடியும்.

5. ஏத்தி இறக்க இடம், காத்திருக்க இடம். ரயில் நிலையம், மெட்ரோ, மால், ஆஸ்பத்திரி, ஐடி பார்க் வாசல்கள்ல அளந்து கோடு போட்ட இடம் வேணும். ஆப்ல பிக்-அப் புள்ளி அங்க மட்டும்தான் விழணும். புதுசா பெரிய கட்டடம் கட்ட அனுமதி கேக்குறவங்க இதைத் தங்கள் இடத்துக்குள்ளேயே காட்டணும். கொஞ்சம் தள்ளி டிரைவர்கள் வண்டியை நிறுத்த நிழலும் கழிப்பறையும் வேணும். நிக்க இடம் இருந்தா சுத்த வேண்டிய அவசியம் இல்லை.

6. எண்ணிக்கை பற்றி அவசரம் வேண்டாம். 5 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள நகரங்கள்ல வாடகை வண்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த 74-வது பிரிவில் ஏற்கெனவே வழி இருக்கு. ஆனா முதல்ல நாலாவது கோரிக்கையின் கணக்கு வரட்டும். காலி ஓட்டம் அதிகம்னு எண்கள் காட்டினா, புது பெர்மிட்டை நிறுத்தி வைக்கலாம். ஓட்டுறவர் பேர்லயே பெர்மிட் இருக்கணும், கைமாறக் கூடாது.

7. டிரைவர் பாதுகாப்பு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குத் தரணும்னு அது சொல்லுது. தமிழ்நாட்டில் இவங்களுக்கான நல வாரியம் 2023-லயே அமைஞ்சது. அந்தப் பணம் அந்த வாரியத்தில் பதிவு செய்த டிரைவர் குடும்பத்துக்கு வந்து சேரும் வழி தெளிவாகணும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு 2020 நெறி சொன்னது. அன்னைக்கு அண்ணன் இருந்தது பதினைந்தரை. கட்டணத்தைச் சரி பண்ணாம நேரத்துக்கு மட்டும் பூட்டு போட்டா அவர் வீட்டுல அடுப்புதான் அணையும்.

இதுக்கு எதிரா வர்ற ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, "கட்டணம் ஏறும், மக்கள் பைக் டாக்ஸிக்குப் போயிடுவாங்க." குறைஞ்ச தூரச் சவாரிக்குக் கட்டணம் கொஞ்சம் ஏறலாம், மறைக்க வேண்டாம். ஆனா மழை நாள்ல மூணு மடங்கு, நாலு மடங்குன்னு காட்டினதும் நிக்கும். நிச்சயமான ஒரு தொகை, வந்து சேர்ற ஒரு வண்டி. இந்த ரெண்டும் இன்னைக்கு நமக்கு இல்லை. பைக் டாக்ஸிக்கும் தெளிவான விதியும் காப்பீடும் வேணும். அது தனிக் கூட்டத்துக்கான தலைப்பு.

ரெண்டு, இது எனக்கே இருந்த கேள்வி. "கேப்பை மட்டும் ஒழுங்குபடுத்தினா நெரிசல் தீருமா?" தீராது. காலையில ஓ.எம்.ஆர்.ல ஒரு பக்கமா நின்னு பாருங்க. ஒரே ஒரு ஆள் ஓட்டிட்டுப் போற சொந்தக் கார்தான் வரிசையா வரும். மஞ்சள் போர்டு கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுறதால கேப் மாட்டிக்குது, ஒயிட் போர்டு தப்பிச்சுக்குது. லண்டன்ல 2003-ல நெரிசல் கட்டணம் கொண்டுவந்தப்ப சொந்தக் கார்தான் முதல்ல கட்டுச்சு. வாடகை கேப்புக்கு இருந்த விலக்கை 2019-லதான் எடுத்தாங்க. நாம வரிசையைத் தலைகீழாப் போட்டு, உழைக்கிறவன்கிட்ட ஆரம்பிக்கக் கூடாது. ஒரு கேப் நாளைக்குப் பதினோரு பேரை ஏத்தி இறக்குது. அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு கார் எடுத்தா நிறுத்தவே இடம் இருக்காது. முதல்ல பஸ், மெட்ரோ, ரயில். அதுக்கு வீட்டு வாசல்ல இருந்து இணைப்பு கொடுக்கிறது ஆட்டோவும் கேப்பும். அந்த இடத்துல கேப் இருந்தா அது ஊருக்கு உதவி.

கடைசியா, இதைப் படிக்கிற உங்களுக்கு மூணு வேலை.

முதல் வேலை: டிரைவர் முகத்தையும் வண்டி நம்பரையும் போட்டோ எடுத்து நம்ம பேஜ்ல டேக் பண்ணாதீங்க. அதிகக் காசு கேட்டாலோ, மரியாதைக் குறைவா, பாதுகாப்புக் குறைவா நடந்தாலோ ஆப்லயும் போக்குவரத்துத் துறையிலயும் காவல்துறையிலயும் புகார் கொடுங்க. அது உங்க உரிமை. ஒருத்தர் முகத்தை ஆயிரம் பேர் பகிர்றது தண்டனை, அதைக் கொடுக்கிற அதிகாரம் நம்ம யாருக்கும் இல்லை. இதை மீம் போட்டவனே சொல்றேன்.

ரெண்டாவது வேலை: உங்க ஏரியாவுல கேப் நின்னு லேன் அடைபடுற ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. சாயங்காலம் 6-லிருந்து 6.15 வரைக்கும் நின்னு எண்ணுங்க. எத்தனை கேப் நின்னுச்சு, எத்தனை பஸ் திணறுச்சு, பக்கத்துல ஒதுக்கக்கூடிய இடம் ஏதாவது இருக்கா. மூணே வரி. இந்தப் பதிவின் கீழ கருத்துல எழுதுங்க. வார்டு வாரியா தொகுத்து உங்க கவுன்சிலர்கிட்டயும் போக்குவரத்துக் காவல்துறைகிட்டயும் மனுவா கொடுக்கலாம். எந்தக் கட்சிக் கவுன்சிலரா இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்க.

மூணாவது வேலை: உங்களுக்குத் தெரிஞ்ச கேப், ஆட்டோ ஓட்டுற அண்ணன், அக்கா யாராவது இருந்தா, ஒரு நாள் அந்த நோட்டை எழுதச் சொல்லுங்க. ஏத்தின கிலோமீட்டர், இறக்கின கிலோமீட்டர், கைக்கு வந்த காசு. பேர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம். நூறு நோட்டு சேர்ந்தா, கம்பெனி கொடுக்காத கணக்குல ஒரு ஓரமாவது நம்ம கையில இருக்கும். சட்டமன்றத்துல பேசுறவங்களுக்கு அதைக் கொடுப்போம்.

போன வாரம் மறுபடியும் அதே சோழிங்கநல்லூர்ல கேப் புக் பண்ணேன். டிரைவர் போன் பண்ணார். "சார், டிராப் எங்க?" நான் சொன்னேன், "அண்ணே, மேடவாக்கம். நீங்க இருக்கிற இடத்துல இருந்து வர்றதுக்குத் தூரம்னா சொல்லுங்க, நானே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்து நிக்கிறேன். உங்களுக்கு யூ-டர்ன் மிச்சம்." ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "வாங்க சார், அங்கேயே நில்லுங்க, வந்துடறேன்." வந்தார்.

ஒரு சவாரியில ஒரு யூ-டர்ன் குறைஞ்சுது, அவ்வளவுதான். ஊர் முழுக்க அதைக் குறைக்கிறது என்னாலயும் அந்த அண்ணனாலயும் மட்டும் முடியாது. அதுக்குத்தான் விதி, அதுக்குத்தான் அரசு, அந்த அரசைக் கேள்வி கேக்கத்தான் நாம.

கருத்துகளை எழுதுங்க. எண்ணி எழுதுங்க.



#காலிகிலோமீட்டர் #கட்டணத்தைஅறிவி #சென்னைநெரிசல்